இரண்டு விரலுக்கு ஒரு தட்டு

இல்போ ரௌத்தியோவின் பின்கை வீச்சைப் பார்ப்பதற்கென்றே ஹியெத்தலாவில் சிலர் வியாழக்கிழமை சாயங்காலம் கடலோரப் பைன் காட்டுக்கு வருவார்கள். ஆள் அப்படியொன்றும் வாட்டசாட்டமில்லை. வட்டமான பிளாஸ்டிக் எறிதட்டை நான்கு விரலாலும் விளிம்போடு இறுக்கிப் பிடிப்பான். நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, இடுப்பைத் திருப்பி விடுவான். அது மரங்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல நூறு மீட்டர் போய், கடைசியில் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். காட்டுக்குள் வரிசையாக வைத்த கூடைகள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைந்த வீச்சில் தட்டைப் போடுகிறார்கள் என்பதுதான் ஆட்டம்.

வயது ஐம்பத்திரண்டு. ஊர் மரமில்லில் பலகைகளின் ஓரம் நறுக்கும் எந்திரத்தில் இருபத்தேழு வருஷமாக நிற்கிறவன். பலகையைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கழிக்கவேண்டும் என்று கண் சொல்லிவிடும். மில்லில் அவன் வாயைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. காட்டுக்குள் வந்துவிட்டால் மூடிப் பார்த்தவர்கள் குறைவு. அந்த வாய்க்கு அதிகம் அகப்பட்டவள் பைவிக்கி.

பைவிக்கி ஊரின் தபால்காரி. அவனைவிட இரண்டு வயது இளையவள். அவள் எறிவதெல்லாம் முன்கை வீச்சுதான். தண்ணீரில் தவளைக்கல் விடுவதுபோல, பக்கவாட்டிலிருந்து இரண்டு விரலால் சுண்டிவிடுவாள். தட்டு தள்ளாடிக்கொண்டே கிளம்பி, பிறகு நிதானத்துக்கு வந்து, வலது பக்கமாகச் சாய்ந்து விழும். பார்க்கிறவனுக்குத் தொங்கவிட்ட கம்பளத்தில் தூசி தட்டுவதுபோல இருக்கும்.

"பைவிக்கி, உன் வீட்டுக் கம்பளத்துல அப்படி எவ்வளவு தூசிதான் இருக்கு? பதினோரு வருஷமா தட்டுறியே, இன்னும் முடியலையா?" என்பான் இல்போ. கூட நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் ஏதாவது திருப்பிச் சொல்லிவிட்டு நடந்துவிடுவாள். அவள் முகத்தை அவன் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை.

மார்ச் மாதம், வெளியே இன்னும் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும்போது, அவனுடைய எந்திரத்தில் ஒரு சிராய் சிக்கிக்கொண்டது. எந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விடவேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவனே சொல்லித்தருகிற முதல் பாடம் அது. அன்றைக்கு அவன் நிறுத்தவில்லை. காப்பி நேரத்துக்கு இன்னும் நாலு நிமிஷம்தான் இருந்தது. கையுறையின் நுனியை எந்திரத்தின் சங்கிலி பிடித்து இழுத்துக்கொண்டது.

வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

யார்மேலாவது கோபப்படலாம் என்றால் ஆளில்லை. அதுதான் அவனை அதிகம் வாட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவன் தட்டுப் பையை எடுத்து, சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குப் பின்னால், விறகுக்கு மேலே வைத்துவிட்டான். மனைவி மெர்யா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சனிக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து போகிற சவுனாவுக்கு அவன் தனியாகப் போனான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் தனக்கென்று இரண்டாவது தடவை அடுப்பை மூட்டிக்கொண்டாள்.

மே மாதம் பனி கரைந்து தரை காய்ந்ததும், காலை ஆறு மணிக்கு, ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு காட்டுக்குப் போனான். முதல் கூடைக்கு எதிரே நின்று தன் பழைய தட்டை எடுத்துப் பிடித்தான். இரண்டு விரல் விளிம்பில் பதிந்தது. மற்ற இரண்டு பதியவேண்டிய இடத்தில் காற்றுதான். இழுத்து வீசினான். தட்டு கையிலிருந்து பாதியிலேயே நழுவி, இடது பக்கம் இருந்த புதருக்குள் பறந்துபோய் விழுந்தது. இன்னொன்று. அதுவும் அங்கேதான். ஏழு தட்டையும் எறிந்துவிட்டு, ஒன்றையும் தேடி எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

மில்லில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கௌகோ அவனுடைய பழைய கூட்டாளி. சாயங்காலம் ஏழு தட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினான்.

"புதர்ல உன் பேரு காய்ச்சுக் கிடந்துச்சுடா. பறிச்சிட்டு வந்தேன்."

"நீயே வச்சுக்கோ."

"உன் போன் நம்பர் எழுதின தட்டை நான் வச்சுக்கிட்டா ஊர்ல திருடன்னு சொல்லுவாங்க." பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனான் கௌகோ. ஒரு வாரம் அது அங்கேயே தொங்கியது.

அந்த வாரத்தில்தான் மில் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டிய தபால். அதுவரை பைவிக்கியின் வண்டிச் சத்தம் கேட்டாலே சமையலறைப் பக்கம் போய்விடுகிறவன், அன்றைக்கு வாசலுக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது. மெர்யா வேலைக்குப் போயிருந்தாள்.

பைவிக்கி பேனாவை நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கினான். கிறுக்கல்கூட வரவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்தான். ஆட்காட்டி விரல், நடுவிரல், கட்டைவிரல். மூன்றுக்கும் நடுவே பேனாவைச் செருகிக்கொண்டு, மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலத் தன் பெயரை எழுதினான்.

அவள் வேறெங்கும் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு விரல் நல்லா இருக்குல்ல?" என்றாள்.

"எதுக்குக் கேக்குற?"

"எனக்கும் அந்த ரெண்டுதான் வேலை செய்யுது. மத்ததெல்லாம் சும்மா கூட வருது."

அவன் கதவைச் சாத்திவிட்டான். வண்டி கிளம்பிப்போன பிறகும் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். தன்னைக் குத்திக்காட்டிவிட்டாள் என்று முதலில் நினைத்தான். மத்தியானம் உருளைக்கிழங்கு உரிக்கும்போதுதான் அது குத்தலில்லை என்று உறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். இரண்டு விரலை விளிம்புக்குள்ளே ஒட்டிவைத்து, கட்டைவிரலால் மேலே அழுத்தினான். உள்ளங்கையில் தட்டு அசையாமல் நின்றது. போன விரல்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு, அவள் வண்டி வருகிற நேரத்தில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"இன்னைக்கு உனக்கு ஒண்ணும் வரலையே," என்றாள் பைவிக்கி வண்டிக்குள்ளிருந்தே.

"தெரியும்." தரையைப் பார்த்தான். "அது எப்படி எறியணும்னு…"

"எது?"

"அதான். நீ எறியறது."

அவள் வண்டி ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கினாள்.

"சனிக்கிழமை காலைல, பள்ளிக்கூடத்து மைதானம். காத்து அடிச்சாலும் வா. அடிச்சா ரொம்ப நல்லது."

காற்று அடித்தது. இல்போ தன் நடுத்தூரத் தட்டைக் கொண்டுவந்திருந்தான். பின்கையில் நேர்கோடு போட்டதுபோலப் பறக்கும் தட்டு அது. முன்கையில் சுண்டியதும் பயங்கரமாகத் தள்ளாடிற்று. எதிர்க்காற்றில் இடது பக்கம் புரண்டு, தலைகுப்புறத் தரையில் விழுந்தது. பத்துத் தடவை எறிந்தான். பத்துத் தடவையும் அதே கதை.

"உன் மேல தப்பில்ல, தட்டு மேலயும் தப்பில்ல," என்றாள் பைவிக்கி. "முன்கைல புதுசா எறியறவன் கை நடுங்கத்தான் செய்யும். இந்தத் தட்டு நீ சொல்றதை அப்படியே கேக்குது. நீ நடுங்கினா இதுவும் நடுங்குது. உனக்கு வேண்டியது சொன்ன பேச்சு கேக்காத தட்டு. ஓவர்ஸ்டேபிள். காத்து தள்ளினாலும் கை உளறினாலும் தன் பாட்டுக்கு வலது பக்கமாத்தான் போய் விழுவேன்னு நிக்கும் பாரு, அந்த மாதிரி முரட்டுத் தட்டு."

"நீ ஏன் பின்கைல எறியறதே இல்ல?" என்று கேட்டான் இல்போ. பதினோரு வருஷத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது.

அவள் வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோனாள். பாதியில் நின்றுவிட்டது. "இதுக்கு மேல வராது. இருபது வருஷமா வண்டி ஜன்னல் வழியா கையை நீட்டி நீட்டிப் பொட்டில தபால் போட்டதுல தோள் போயிடுச்சு. ஒரு நாளைக்கு முந்நூறு பொட்டி."

இல்போவுக்குக் காது சுட்டது. எறிந்த தட்டுகளை எடுத்துவரப் போகிறவன்போல நடந்து போனான். திரும்பி வந்தும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தக் கம்பளம்… அதைப் பத்தி…"

"ம்."

"எனக்குத் தெரியாது, பைவிக்கி."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். பதினோரு வருஷம், இல்போ. ஒரு காலைல சரியாயிடாது. தட்டை எடு."

திங்கட்கிழமையே அவன் பஸ் ஏறி நகரத்துக் கடைக்குப் போனான். இருக்கிறதிலேயே முரடான நடுத்தூரத் தட்டு எது என்று கேட்டான். கடைக்காரன் ஒரு நீலத் தட்டை எடுத்துக் கொடுத்தான். கனம், தடித்த விளிம்பு. சனிக்கிழமை அதை எறிந்தான். முப்பது மீட்டர் போவதற்குள், யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல வலது பக்கம் மடங்கித் தரையில் குத்தி நின்றது. எத்தனை முறை எறிந்தாலும் அவ்வளவுதான்.

பைவிக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது தட்டா, இல்ல வீட்டுக் கதவா? ஒரே பக்கமாத்தான் சாத்துது."

"இருக்கறதுலயே முரட்டுத் தட்டு. நீதானே சொன்ன?"

"முரட்டுத் தட்டுன்னு சொன்னேன். இருக்கறதுலயே முரட்டுத் தட்டுன்னா சொன்னேன்? மார்ச்சுக்கு முன்னாடி உனக்கு ஒரு கை இருந்துச்சே, இதை அந்தக் கைக்கு வாங்கியிருக்க. இந்தக் கைக்கு என்ன வேகம் இருக்கோ அதுக்கு வாங்கு."

அதைக் கேட்டு அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் பலகை அறுக்கிறவனுக்கு அந்தக் கணக்குப் புரியாமல் இல்லை. பச்சைமரத்துக்கு வைக்கிற ரம்பத்தை உலர்ந்த மரத்துக்கு வைக்கமுடியாது. வீட்டுக்குப் போய் பிர்ச் மரக் குச்சிகளைச் சீவி ஒரு கட்டு எடுத்துவந்தான். மைதானத்தில் ஒரு தட்டை இருபது தடவை எறிவது, விழுந்த இடத்திலெல்லாம் குச்சி நடுவது, பிறகு அடுத்த தட்டு. இப்படித்தான் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தான். பைவிக்கி நேரம் கிடைத்தபோது வந்தாள். கிடைக்காதபோது அவன் தனியாக எறிந்தான். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கடற்பறவைகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன.

கௌகோ தன் பங்குக்கு ஒரு தட்டைக் கொடுத்தான். "ஒரு காலத்துல பெரிய ரௌடி இது," என்றான். ஆறு வருஷம் பைன் மரங்களில் மோதி மோதி அதன் முரட்டுத்தனமெல்லாம் போய்விட்டிருந்தது. காற்றில்லாத நாளில் அழகாகப் போனது. காற்று வந்ததும் இடது பக்கம் புரண்டது. குச்சிகள் மைதானம் முழுக்கச் சிதறி நின்றன. கடையிலிருந்து இன்னொன்று வரவழைத்தான். அது பறந்ததென்னவோ சரியாகத்தான். ஆனால் மழையில் நனைந்தால் வழுக்கியது. நான்கு விரல் பிடிக்கிறவனுக்கு அது ஒரு குறையில்லை. இரண்டு விரல் பிடிக்கிறவனுக்கு அது பெருங்குறை.

ஜூன் கடைசியில் வருகிற யூஹன்னுஸ் பண்டிகைக்கு மறுவாரம் பைவிக்கி ஒரு ஆரஞ்சுத் தட்டைக் கொண்டுவந்தாள். ஆட்டக்காரர்கள் காட்டில் தொலைத்த தட்டுகளைப் போட்டுவைக்கும் பெட்டி ஒன்று ஆட்டச் சங்கத்துக் குடிசையில் இருந்தது. அதில் கிடந்ததாம். இல்போ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விளிம்பின் அடியில் நூல்கயிறு கனத்துக்கு ஒரு வரம்பு ஓடியது. நடுவிரலின் சதை அந்த வரம்பில் போய்த் தானாகத் தங்கிக்கொண்டது.

எறிந்தான். கிளம்பும்போது தள்ளாடியது. பதினைந்து மீட்டரில் தள்ளாட்டம் அடங்கியது. எதிர்க்காற்று வந்து முட்டியது. தட்டு கொஞ்சம் யோசிப்பதுபோல நிமிர்ந்தது, ஆனால் புரளவில்லை. அறுபது மீட்டர்வரை போய், பிறகு சாவகாசமாக வலது பக்கம் சாய்ந்து இறங்கியது. இருபது தடவை எறிந்து முடித்தபோது பதினேழு குச்சிகள் ஒரு மேஜைவிரிப்பு அளவு இடத்துக்குள் நின்றன.

பைவிக்கி குனிந்து தட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"வச்சுக்கோ," என்றாள் பைவிக்கி.

"இதுல ஒருத்தன் நம்பர் இருக்கு."

"போன வருஷத்துலேர்ந்து கிடக்குது. யாரும் வரல."

"யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

எண் பாதி அழிந்திருந்தது. கடைசி எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஒன்றுக்குப் போட்டால் ஒரு பல் டாக்டர் எடுத்தார். ஏழுக்குப் போட்டான்.

"அஸ்மோ," என்றது ஒரு குரல். கொக்கோலா நகரத்திலிருந்து.

"ஹியெத்தலாவுல உங்க தட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. ஆரஞ்சு. விளிம்புல வரம்பு வச்சது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "கடவுளே! அது திரும்பக் கிடைச்சிடுச்சா? நான் வேணும்னேதாங்க அதைத் தேடாம வந்தேன். எது சொன்னாலும் கேக்காது அது."

"எனக்கு அப்படிப்பட்டதுதான் வேணும்."

"அப்போ உங்களோடயே இருக்கட்டும். அதுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க."

இல்போ போனை வைத்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். சமையலறையில் மீனுக்கு மாவு தடவிக்கொண்டிருந்த மெர்யா அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கையை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயந்ததுபோல மறுபடி மாவைத் தடவ ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் கடைசி வியாழக்கிழமை அவன் காட்டில் வாராவாரம் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்தான். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் இல்போ, கௌகோ, பைவிக்கி மூவரும் ஒரே குழுவில் விழுந்தார்கள். பலரும் அவன் கையைப் பார்க்காமல் இருப்பதற்காக வானத்தைப் பார்த்துப் பேசினார்கள். கௌகோ மட்டும் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "நல்லாத்தான் தச்சிருக்காங்க. நம்ம மில்லு சாக்குப் பையைவிட எவ்வளவோ தேவலாம்," என்றான். அதற்குப் பிறகு எல்லோரும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

முதல் எட்டுக் கூடைகளும் அவனுக்குச் சுமாராகத்தான் போயின. நீண்ட கூடைகளில் மற்றவர்கள் இரண்டு வீச்சில் போகிற இடத்துக்கு அவனுக்கு மூன்று தேவைப்பட்டது. ஐந்தாவது கூடையில் பழைய பழக்கத்தில் கை நெஞ்சுக்குக் குறுக்கே போய்விட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஒன்பதாவது கூடை கடலை ஒட்டியது. இடது பக்கம் தண்ணீர். பாதை வலது பக்கமாக வளைந்து பாறைகளுக்குப் பின்னால் போகும். பின்கை வீச்சு கடைசியில் இடது பக்கம் சாயும். ஆகவே அந்த இடத்தில் அவன் பதினோரு வருஷத்தில் முப்பது தட்டுக்குமேல் கடலுக்குக் கொடுத்திருக்கிறான். அன்றைக்குக் காற்று நேர் எதிரே அடித்தது.

கௌகோ எறிந்தான். அவன் தட்டு கடலுக்குப் போயிற்று. அவன் சொன்ன வார்த்தையை எழுதமுடியாது. பிறகு திரும்பி, "இல்போ, நீயும் இப்ப கம்பளம் தட்டுற ஆளாயிட்டியா?" என்றான்.

"ஆமா," என்றான் இல்போ. "பைவிக்கிகிட்டதான் கத்துக்கிட்டேன். இவ்வளவு நாள் நான் பேசினதெல்லாம் அறிவில்லாத பேச்சு. நீயும் கத்துக்கிட்டா, கடல்ல விழுந்ததை எடுக்க நீச்சல் அடிக்கவேண்டி வராது."

பைவிக்கி தன் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் துடைத்த இடத்தையே நெடுநேரம் துடைத்தாள்.

இல்போ ஆரஞ்சுத் தட்டை எடுத்தான். கடலைப் பார்த்து, தண்ணீருக்கு மேலேயே குறிவைத்துச் சுண்டினான். தள்ளாடிக்கொண்டு கிளம்பிய தட்டு அலைக்கு மேலே போனது. காற்று அதை முட்டியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றதுபோல இருந்தது. பிறகு வலது பக்கம் சாயத் தொடங்கி, கரைக்கு மேலே வந்து, பாறை முனையைச் சுற்றிக் கண்ணுக்கு மறைந்தது. சரளைக் கல்லில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

மூவரும் நடந்துபோய்ப் பார்த்தார்கள். கூடையிலிருந்து ஐந்து மீட்டரில் கிடந்தது.

"போடு," என்றாள் பைவிக்கி.

போட்டான். சங்கிலியில் பட்டு வெளியே விழுந்தது. மூன்று விரலால் மெதுவாகப் போடுகிற பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை. அடுத்ததில் உள்ளே போட்டான். பைவிக்கியின் கை அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகியது.

அன்றைக்கு அவன் பதினெட்டாவதாக வந்தான். பைவிக்கி நாலாவது. குடிசைக்கு முன்னால் தீ மூட்டி மக்காரா என்கிற சாஸேஜைச் சுட்டார்கள். இல்போ ஒரு துண்டு தின்றுவிட்டு, இரண்டாவதைக் கௌகோவுக்குக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் வீட்டுக்குப் போனான். செப்டம்பர் முதல் வாரம் மில்லில் வேலைக்குத் திரும்பவேண்டும். எந்திரத்தில் இல்லை, பலகைகளைத் தரம் பிரிக்கும் இடத்தில். அதைப் பற்றிய கவலை வழியெல்லாம் கூடவே வந்தது.

மெர்யா தோட்டத்தில் இருந்தாள்.

"எத்தனாவது?" என்று கேட்டாள்.

"பதினெட்டு."

"எத்தனை பேர்ல?"

"இருபத்திரண்டு."

"அந்த நாலு பேர் என்ன பண்ணாங்க, கண்ணைக் கட்டிக்கிட்டு எறிஞ்சாங்களா?"

"காத்து அப்படி."

அவள் மண்வெட்டியை அவனிடம் நீட்டினாள். "நாளைக்கு மழையாம். இந்த ரெண்டு வரிசை கிழங்கையும் இப்பவே தோண்டிடலாம். நீ வெட்டு, நான் பொறுக்கறேன்."

அவன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வரிசையின் முதல் செடிக்குப் போனான். ஈரமண். நன்றாக இறங்கியது.